போனைப் பிடுங்கும் நேரத்துச் சண்டை: வீட்டில் திரை நேரத்தை எப்படிக் கட்டுக்குள் வைப்பது?

4 ஜூன் 2025, இரவு 9.40 | கேள்வி

பள்ளி திறந்தாச்சு. லீவில் ஒட்டிக்கொண்ட பழக்கம் மட்டும் போகவில்லை. பெரியவனுக்கு 11 வயது, சின்னவளுக்கு 4. நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம், மாமியார் வீட்டில் இருக்கிறார். பிள்ளைகளுக்கென்று தனியாகப் போன் வாங்கவில்லை. என் பழைய ஆண்ட்ராய்டு போன் வைஃபையில் ஓடுகிறது, அது போக ஹாலில் ஆண்ட்ராய்டு டிவி. 'ஒரு நாளைக்கு 2 மணி நேரம்தான்' என்று சொல்லி வைத்தோம், யாரும் மணி பார்ப்பதில்லை. பிடுங்கினால் அழுகை, கத்தல். சின்னவள் போன் இல்லாமல் சாப்பிட வாயே திறப்பதில்லை. எந்த ஆப் போட்டால் இது தீரும்?

4 ஜூன், இரவு 10.25

ஆப்பை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த '2 மணி நேரம்' என்ற சட்டத்தை எடுத்துவிடுங்கள். அது நடக்க வேண்டுமென்றால் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கூட்டிக்கொண்டிருக்க வேண்டும். காலையில் 10 நிமிடம், சாப்பாட்டோடு 25, பள்ளி விட்டு வந்ததும் எவ்வளவு என்று தெரியாது. உங்கள் வீட்டில் பகல் முழுக்கப் பாட்டி மட்டும்தான். அவரால் எதைக் கூட்ட முடியும்?

நிமிடக் கணக்கை விட்டுவிட்டு கடிகாரத்தில் இரண்டு முனையைக் குறியுங்கள். 'சாயங்காலம் 5.30க்கு ஆரம்பம், 6.15க்கு முடிவு, ஹாலில் மட்டும்.' மற்ற நேரத்தில் கிடையாது. இப்படிச் சொன்னால் பாட்டிக்குக் கணக்கு வேண்டாம், மணி பார்த்தால் போதும். நாள் முழுக்கக் குழந்தை கேட்டுக்கொண்டே இருப்பதற்குக் காரணம், சில நேரம் 'சரி' என்ற பதில் கிடைப்பதுதான். எப்போது கிடைக்கும் என்று தெரியாததால் எல்லா நேரமும் கேட்கிறது. நேரம் நிலையாகிவிட்டால் கேட்பது குறையும்.

இடமும் சட்டத்தில் இருக்க வேண்டும். படுக்கையறை, கழிவறை, சாப்பிடும் இடம் மூன்றும் கிடையாது. இரவில் பெரியவர்கள் போன் உட்பட எல்லாம் ஹாலில் ஒரே இடத்தில் சார்ஜ் ஏறட்டும். அலாரத்துக்குப் போன் வேண்டும் என்பவர்கள் ஒரு மேசைக் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

5 ஜூன், காலை 7.05

'எவ்வளவு நேரம் சரி?' என்று கேட்டிருந்தார் இன்னொருவர். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: 2 வயது வரை திரை வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, குறைவாக இருந்தால் நல்லது. இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் ஏறக்குறைய அதுதான்: 2 வயதுக்குள் கூடாது, 2 முதல் 5 வரை ஒரு மணி நேரம், 5 முதல் 10 வரை இரண்டு மணி நேரத்துக்குள். இவை உச்சவரம்பு. 'டாக்டரே ஒரு மணி நேரம் சொல்லியிருக்கிறார்' என்று அதை நிரப்பித் தீர்க்க வேண்டியதில்லை.

பெரிய பிள்ளைகளுக்குத் தூக்கத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுவது நடைமுறைக்கு ஒத்துவரும். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும், 13 முதல் 18க்கு 8 முதல் 10. காலை 6.30க்கு எழ வேண்டிய 11 வயதுப் பையன் 9 மணிக்குப் படுக்க வேண்டும், அதனால் 8 மணிக்குத் திரை அணைந்திருக்க வேண்டும். ட்யூஷன், வீட்டுப்பாடம், விளையாட்டு, குளியல், சாப்பாடு எல்லாம் போனால் மிஞ்சுவது எவ்வளவு என்று தாளில் எழுதிப் பாருங்கள். பள்ளி நாளில் 45 நிமிடம் தேறினாலே பெரிது.

வெளியூரில் இருக்கும் தாத்தா பாட்டியோடு வீடியோ காலில் பேசுவது இந்தக் கணக்கில் வராது. அது பேச்சுதான்.

5 ஜூன், இரவு 9.15

இப்போது அந்தப் பழைய போன். 11 வயதுக்காரனுக்கு மட்டும் அதை ஒதுக்குங்கள். சின்னவள் கையில் எந்தப் போனும் வேண்டாம், அவளுக்கு டிவி போதும். காரணம் இருக்கிறது: டிவி தூரத்தில் இருக்கும், என்ன ஓடுகிறது என்று சமையலறையில் இருக்கும் பாட்டிக்குக் காதில் விழும், விரலால் தள்ளித் தள்ளி அடுத்ததற்குத் தாவ முடியாது.

போனைத் தயார் செய்யும் வரிசை:

1. உங்கள் போட்டோ, தொடர்பு எண்களைப் பத்திரப்படுத்திவிட்டு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போவதால்தான் பாதி வீடுகளில் ஃபேமிலி லிங்க் (பிள்ளையின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்தக் கூகுள் தரும் ஆப்) தோற்கிறது. உங்கள் கூகுள் கணக்கு அந்தப் போனில் ஒட்டிக்கொண்டிருந்தால் பையன் அதற்கு மாறிக்கொள்வான்.

2. உங்கள் போனில் ஃபேமிலி லிங்க் ஆப் போட்டு, அதன் வழியாகப் பையனுக்குக் கணக்கு தொடங்குங்கள். பிறந்த தேதியை உள்ளபடி கொடுங்கள். வயதைக் கூட்டிப் போட்டால் பெரியவர் கணக்காகிவிடும், கட்டுப்பாடு சரியாக உட்காராது.

3. ரீசெட் ஆன போனில் அந்தக் கணக்கை மட்டும் போடுங்கள்.

4. ஸ்கிரீன் டைம் பக்கத்தில் டவுன்டைம், டெய்லி லிமிட் என்று இரண்டு இருக்கும். டவுன்டைம் என்பது போன் பூட்டிக்கிடக்கும் நேரம். மாலை 6.15 முதல் மறுநாள் 5.30 வரை வைத்துவிட்டால் 'தொடக்கம், முடிவு' சட்டம் போனிலேயே ஏறிவிடும். டெய்லி லிமிட் அதற்கு உள்ளே இன்னொரு தடுப்பு. கிழமைக்குக் கிழமை வேறு வைக்கலாம்.

5. ப்ளே ஸ்டோரில் எதை இறக்கினாலும் உங்கள் அனுமதி கேட்கும்படி வையுங்கள். குரோமில் ஆபாசத் தளத் தடுப்பு மட்டும் போதுமா, நீங்கள் அனுமதித்த தளங்கள் மட்டும் திறக்க வேண்டுமா என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

6. 13 வயதுக்குள் இருக்கும் கணக்கில் சாதாரண யூடியூப் தானாக வராது. கண்காணிப்புடன் திறப்பதென்றால் மூன்று நிலைகள் உண்டு. முதல் நிலை 9 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது, அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

அந்தப் போனில் சிம் இருந்தால், பூட்டியிருக்கும்போதும் அழைப்பை எடுத்துப் பேசலாம், அவசர அழைப்பும் போகும். பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் பையன் போன் உதவாமல் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். அவசியமாகத் திறக்க வேண்டிய நேரத்தில் அந்தப் போனில் நெட் இல்லையென்றால், உங்கள் ஃபேமிலி லிங்கில் பெற்றோர் அணுகல் எண் கிடைக்கும், அதைச் சொன்னால் போதும்.

ஒரு சிக்கல்: டெய்லி லிமிட் சாதனத்துக்குச் சாதனம் தனி. அதே கணக்கை டேப்லெட்டிலும் போட்டால் அங்கே இன்னொரு முழு ஒதுக்கீடு கிடைக்கும்.

6 ஜூன், காலை 6.50

'அம்மா போனையேதான் கொடுக்கிறோம், வேறு போன் இல்லை' என்பவர்களுக்கு. பெரியவர் கணக்கில் ஓடும் போனை ஃபேமிலி லிங்கால் கட்டுப்படுத்த முடியாது. அதற்கு ஆப் பின்னிங் இருக்கிறது. செட்டிங்ஸில் செக்யூரிட்டிக்குள் தேடி ஆன் செய்து, 'வெளியே வர பின் எண் கேள்' என்பதையும் ஆன் செய்யுங்கள். பிறகு வேண்டிய ஆப்பைத் திறந்து, சமீபத்திய ஆப் பட்டியலில் அதன் ஐகானை அழுத்தினால் 'பின்' என்று வரும். குழந்தையால் அந்த ஒரு ஆப்பை விட்டு வெளியே வர முடியாது. வங்கி, வாட்ஸ்அப், கேலரி எதற்கும் போகாது. கிளினிக்கில் காத்திருக்கும்போது 10 நிமிடம் கொடுப்பதற்கு இது போதும்.

போனிலேயே வரும் டிஜிட்டல் வெல்பீயிங்கில் ஆப் டைமர் வைப்பதைச் சிலர் சொல்கிறார்கள். அது பெரியவர் தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ள வந்தது. கடவுச்சொல் கிடையாது, 8 வயதுப் பிள்ளை இரண்டே தட்டில் எடுத்துவிடும்.

6 ஜூன், இரவு 10.10

பிள்ளைகள் தாண்டும் வழிகள். மேலே எழுதிய எல்லாம் இங்கேதான் ஓட்டையாகும்.

பேட்டர்ன் லாக் வைத்திருந்தால் மாற்றுங்கள். போன் திரையை ட்யூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பாருங்கள், விரல் எண்ணெயில் கோடு அப்படியே தெரியும். 6 இலக்க எண் வையுங்கள், பிறந்தநாளும் வண்டி எண்ணும் வேண்டாம். அடுத்து உங்கள் போன் செட்டிங்ஸில் எத்தனை கைரேகை பதிவாகியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒருமுறை பின் தெரிந்த பிள்ளை தன் விரலைப் பதிந்துவைத்திருக்கும், பின்னை எத்தனை தடவை மாற்றினாலும் அது வேலை செய்யும். தூங்கும் அப்பாவின் விரலை எடுத்துச் சென்சாரில் வைப்பதும் நடக்கும். இரவில் போன் ஹாலில் இருக்க இன்னொரு காரணம் இது.

வாட்ஸ்அப் போன்ற ஆப்களுக்குள் வரும் லிங்கைத் தட்டினால் அந்த ஆப்புக்குள்ளேயே வீடியோ ஓடும். யூடியூப்பைப் பூட்டியும் எப்படிப் பார்க்கிறான் என்று குழம்பும் வீடுகளில் வழி பெரும்பாலும் இதுதான். ஃபேமிலி லிங்கில் வார அறிக்கையைப் பார்த்தால் எந்த ஆப்பில் நேரம் கூடியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

விளையாட்டில் காசு: ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸில் 'எல்லா வாங்குதலுக்கும் உறுதி கேள்' என்று வையுங்கள். யுபிஐ பின்னும் போன் லாக்கும் ஒரே எண்ணாக இருக்கவே கூடாது.

இதையெல்லாம் சொல்வது பிள்ளையைத் திருடனாகப் பார்ப்பதற்காக இல்லை. தாண்டிவிட்டான் என்று தெரிந்தால் திட்டாமல் ஓட்டையை அடைத்துவிட்டு, அடைத்ததை அவனிடமே சொல்லிவிடுங்கள்.

7 ஜூன், மதியம் 1.30

ஐபோன், ஐபேட் பற்றிக் கேட்டவருக்கு: ஸ்கிரீன் டைம் வசதி 2018இல் ஐஓஎஸ் 12இலிருந்தே உண்டு, தனி ஆப் வேண்டாம். மூன்று இடத்தில் கவனம். ஆப் லிமிட் வைக்கும்போது 'லிமிட் முடிந்ததும் தடு' என்பதை ஆன் செய்யாவிட்டால் பிள்ளையே 'இக்னோர்' தட்டிப் போய்விடும். கடவு எண்ணை மீட்க ஆப்பிள் கணக்கு கேட்கும் இடத்தில் உங்கள் கணக்கைக் கொடுங்கள், பிள்ளை கணக்கைக் கொடுத்தால் சாவியை அவர்களிடமே கொடுத்த மாதிரி. உள்ளடக்கக் கட்டுப்பாடுகளில் ஆப் நீக்குவதையும் திரைப் பதிவையும் தடுத்துவிடுங்கள். ஆப்பை நீக்கித் திரும்ப இறக்கி நேரம் வாங்குவது ஒரு வழி, திரையைப் பதிவில் போட்டுவிட்டு உங்களைக் கடவு எண் அடிக்க வைத்து அதைத் திருப்பிப் பார்ப்பது இன்னொரு வழி.

7 ஜூன், இரவு 9.50

4 வயதுக்காரிக்கு டிவி என்று சொல்லியிருந்தேன். டிவியிலும் யூடியூப் திறந்தே கிடந்தால் பயனில்லை. படிக்கத் தெரியாத குழந்தையும் ரிமோட்டில் மைக் பொத்தானை அழுத்திப் பேசித் தேடும். யூடியூப் கிட்ஸ் போடுங்கள். அதில் வயது வாரியாக மூன்று அடுக்கு உண்டு: 4 வரை, 5 முதல் 8, 9 முதல் 12. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு 'அனுமதித்தவை மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுத்து, நீங்களே பார்த்து ஏழெட்டு சேனலை மட்டும் உள்ளே விடுங்கள். தேடலும் அதோடு நின்றுவிடும். ஆட்டோப்ளேயை அணையுங்கள்.

பெற்றோர் பகுதிக்குள் போக அது ஒரு பெருக்கல் கணக்கு கேட்கும். வாய்ப்பாடு தெரிந்த அண்ணன் வீட்டில் இருந்தால் அது பூட்டே கிடையாது. சொந்தமாக 4 இலக்க எண் வைத்துக்கொள்ளுங்கள்.

8 ஜூன், காலை 8.20

'5 நிமிடம் முன்னாலேயே எச்சரித்துவிட்டால் அழ மாட்டார்கள்' என்று ஒருவர் எழுதியிருந்ததைத் திருத்த வேண்டும். சின்னக் குழந்தைகளிடம் அது பல நேரம் எதிர்மாறாகத்தான் வேலை செய்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1 முதல் 5 வயதுக் குழந்தைகளின் வீடுகளைப் பார்த்து 2016இல் வெளியான ஆய்வில், இரண்டு நிமிட எச்சரிக்கை கொடுத்தபோது நிறுத்துவது இன்னும் கடினமானது. தினசரி வழக்கத்தின் பகுதியாக நின்றபோதும், நிகழ்ச்சி இயல்பாக முடிந்த இடத்தில் நின்றபோதும், கருவியே நிறுத்தியபோதும் சண்டை குறைந்தது.

4 வயதுக்கு 5 நிமிடம் என்றால் எவ்வளவு என்று தெரியாது. 'இன்னும் ஒரு பாட்டு' என்றால் தெரியும். இதைச் செய்து பாருங்கள்: டிவி செட்டிங்ஸில் ஸ்லீப் டைமர் இருக்கும், பழைய கேபிள் டிவியிலும் இருக்கும். 30 நிமிடம் வைத்துவிட்டு ரிமோட்டைப் பரண் மேல் வையுங்கள். டிவி தானாக அணையும். அம்மா அணைத்தால் அம்மாவிடம் அழுது கேட்கலாம், டிவியே அணைந்தால் யாரிடம் கேட்பது?

அணைந்த அந்த நிமிடத்தில் அடுத்தது தயாராக இருக்க வேண்டும். இது மிக முக்கியம், நிறைய வீடுகளில் இதுதான் விட்டுப்போகிறது. தட்டில் சுண்டல், வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர், கீழே இறங்கிக் கடைக்குப் போக எடுத்து வைத்த பை என்று ஏதோ ஒன்று கண்ணெதிரே இருக்கட்டும். 'அணைத்துவிட்டுப் போய் விளையாடு' என்றால் எங்கே போய் எதை விளையாடுவது என்று குழந்தைக்குத் தெரியாது.

9 ஜூன், இரவு 10.40

சாப்பாடு. இதைத் தனியாக எழுதக் காத்திருந்தேன்.

போன் பார்த்துக்கொண்டே ஊட்டினால் குழந்தை பசியையும் உணர்வதில்லை, வயிறு நிறைந்ததையும் உணர்வதில்லை. சில குழந்தைகள் சோற்றைக் கன்னத்தில் அடக்கி அரைமணி வைத்திருக்கும், சில குழந்தைகள் அளவுக்கு மேல் விழுங்கிவிட்டு வாந்தி எடுக்கும். நிறுத்துவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, ஒரு நாளில் எவ்வளவு பால் போகிறது? 500 மில்லிக்கு மேல் போனால் சோற்றுக்கு வயிற்றில் இடமில்லை, இரும்புச்சத்தும் குறையும். இரண்டு, வேளைகளுக்கு நடுவே பிஸ்கட், சிப்ஸ் என்று கைக்கு ஏதாவது போய்க்கொண்டே இருக்கிறதா? இரண்டரை, மூன்று மணி நேர இடைவெளியில் தண்ணீர் தவிர வேறு வேண்டாம். பசி வந்தால்தான் போனில்லாமல் வாய் திறக்கும்.

எல்லா வேளையையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். அதிகம் பசிக்கும் ஒரு வேளை, பெரும்பாலும் பள்ளி விட்டு வந்ததும் வரும் வேளை, அதிலிருந்து தொடங்குங்கள். தரையில் பாய் விரித்து, பாட்டியும் தன் தட்டோடு கூடவே உட்காரட்டும். குழந்தை தட்டில் ஒரே ஒரு இட்லி, நாலாகப் பிய்த்து. மூன்று இட்லியைப் பார்த்தாலே சில குழந்தைக்கு மலைப்பாகிவிடும். கையால் எடுத்துச் சாப்பிடட்டும், சிந்தட்டும். சுருட்டிய தோசை, வேகவைத்த கேரட், முட்டைத் துண்டு, வாழைப்பழம் எல்லாம் கைக்கு வசதி. முழு நிலக்கடலை வேண்டாம், தொண்டையில் அடைக்கும். 25 நிமிடம் ஆனதும் சாப்பிட்டது எவ்வளவானாலும் தட்டை எடுத்துவிடுங்கள். கெஞ்ச வேண்டாம், திட்டவும் வேண்டாம். அடுத்த வேளை வரை மாற்றாகப் பாலும் வேண்டாம்.

முதல் மூன்று நான்கு நாள் குறைவாகத்தான் சாப்பிடும். எடை சரியாக இருக்கும், ஓடியாடும் குழந்தைக்கு அதனால் ஆபத்து இல்லை. ஆனால் எடை ஏறவே இல்லை, விழுங்கும்போது இருமல் வருகிறது, கட்டியான எதையும் மெல்ல முடியவில்லை என்றால் முதலில் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். அங்கே போனை நிறுத்துவதைவிட அது முக்கியம்.

பாட்டியைக் குறை சொல்வது எளிது. பேத்தி பட்டினி கிடந்துவிடுவாளோ என்ற பயத்தில்தான் அவர் போனைக் கொடுக்கிறார். எடை பார்த்து, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்துக் காட்டுங்கள். அது அவருக்குக் கொடுக்கும் தைரியத்தை எந்த வாதமும் கொடுக்காது.

10 ஜூன், காலை 7.00

'வாத்தியார் வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் அனுப்புகிறார், என்ன செய்வது?' பெரியவர் பார்த்து நோட்டில் எழுதிக் கொடுங்கள், அல்லது கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்து காட்டுங்கள். 'வீட்டுப்பாடம் பார்க்கணும்' என்று போன் கைமாறினால் திரும்பி வராது. வாட்ஸ்அப் கணக்குக்கே குறைந்தபட்ச வயது 13.

12 ஜூன், இரவு 9.30

பெரியவனின் விளையாட்டுக்கு முன்பு சொன்ன '6.15க்கு முடிவு' அப்படியே பொருந்தாது, கொஞ்சம் மாற்ற வேண்டும். பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் ஒரு கிளாசிக் மேட்ச் 25 முதல் 30 நிமிடம். 6.15க்குப் போன் பூட்டிக்கொண்டால், 20 நிமிடம் ஆடிக் கடைசி வட்டத்தில் நிற்கும் பையன் நண்பர்களைப் பாதியில் விட்டுவிட்டு வர வேண்டும். அவன் கோபம் நியாயமானது. அவனிடம் மேட்ச் கணக்கில் பேசுங்கள்: பள்ளி நாளில் ஒன்று, 5.40க்குப் பிறகு புது மேட்ச் தொடங்கக் கூடாது. ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் சின்னது, ஒன்று 10, 15 நிமிடத்தில் முடிந்துவிடும், அங்கே மூன்று வைக்கலாம். மைன்கிராஃப்டில் மேட்ச் கிடையாது. ஆனால் அதில் ஒரு 'நாள்' நிஜத்தில் 20 நிமிடம், இரண்டு 'நாள்' என்று பேசிக்கொள்ளலாம். ராப்லாக்ஸில் பெற்றோர் கணக்கை இணைத்தால் அதற்குள்ளேயே தினசரி நேர வரம்பு வைக்கலாம், யாரோடு சாட் செய்யலாம் என்பதையும் கட்டுப்படுத்தலாம்.

பிஜிஎம்ஐ தடைக்குப் பிறகு 2023 மே மாதம் திரும்ப வந்தபோது 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நாளுக்கு 3 மணி நேர வரம்போடுதான் வந்தது. அதை நம்பி இருக்காதீர்கள். அப்பா கணக்கில் ஆடினால் அந்த வரம்பு இல்லை, பள்ளி நாளில் 3 மணி நேரம் என்பதும் மிக அதிகம்.

15 ஜூன், காலை 10.15

கண்ணாடிக் கடையில் 'ப்ளூ லைட் கண்ணாடி' எழுதிக் கொடுத்ததாக ஒருவர் கேட்டிருக்கிறார். கண் சோர்வைக் குறைக்க அது உதவுவதாக உறுதியான சான்று இல்லை, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2023இல் வந்த காக்ரேன் மறுஆய்வின் முடிவும் அதுதான். அந்தக் காசுக்கு ஒரு பந்து வாங்கலாம்.

கிட்டப்பார்வை வராமல் தள்ளிப்போட நல்ல சான்று இருப்பது வெளியில் விளையாடுவதற்குத்தான். சீனாவின் குவாங்சோவில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாளில் 40 நிமிடம் வெளிநேரம் கூட்டிப் பார்த்தார்கள். மூன்று ஆண்டு முடிவில் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் 30.4 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். தைவானில் 2010இலிருந்து நாளுக்கு 120 நிமிடம் வெளியே என்று பள்ளிகளில் நடத்துகிறார்கள். வீட்டுக்குள் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான், வெயிலில் 10,000ஐத் தாண்டும், மர நிழலிலேயே சில ஆயிரம் கிடைக்கும். நம் ஊர் வெயிலில் உச்சிப்பொழுது வேண்டாம். காலை 8.30க்கு முன், மாலை 4.30க்குப் பின், வேப்பமர நிழல் இருந்தால் போதும்.

அதனால் மாலை 5.30க்குத் திரை என்று நான் முதலில் எழுதியதை, முடிந்தவர்கள் 6.30க்குத் தள்ளுங்கள். வெளிச்சம் இருக்கும் நேரத்தைத் திரைக்குக் கொடுக்க வேண்டாம்.

20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் 20 விநாடி பார்ப்பது நல்ல பழக்கம்தான், கண் வறட்சி குறையும். போன் முழங்கை நீளத்துக்கு உள்ளே வரக் கூடாது. டிவிக்குப் பக்கத்தில் போய் நிற்பது, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, தலையைச் சாய்ப்பது தெரிந்தால் உடனே கண் பரிசோதனை.

19 ஜூன், இரவு 11.00

தனியாகக் கேட்டிருக்கிறார் ஒரு அம்மா: 'இரண்டு வயதாகியும் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை. போன் பார்த்து வந்த வர்ச்சுவல் ஆட்டிசம், நிறுத்தினால் சரியாகும் என்று வீடியோவில் சொல்கிறார்கள்.'

அப்படி ஒரு நோய் மருத்துவப் பட்டியலில் இல்லை. அதிகத் திரையால் பேச்சு தாமதமாகலாம், ஏனெனில் அந்த நேரத்தில் யாரும் குழந்தையிடம் பேசுவதில்லை. ஆட்டிசம் வேறு, அது பிறப்பிலேயே மூளை வளர்ச்சியோடு வருவது, போன் கொடுத்ததால் வந்தது என்று எந்த அம்மாவும் தன்னைக் குற்றவாளியாக்கிக்கொள்ள வேண்டாம். எது என்பதை வீட்டில் இருந்து பிரித்தறிய முடியாது. போனை நிறுத்துங்கள், அதே வாரம் மருத்துவரையும் பாருங்கள். 'மூன்று மாதம் நிறுத்திப் பார்ப்போம்' என்று தள்ளாதீர்கள்.

12 மாதத்தில் பேர் சொன்னால் திரும்பாதது, 18 மாதத்தில் விரலால் சுட்டிக் காட்டாதது, 16 மாதத்தில் ஒரு சொல்லும் வராதது, 24 மாதத்தில் இரண்டு சொல் சேர்க்காதது, எந்த வயதிலும் வந்த பேச்சு போய்விடுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் போக வேண்டும். முதலில் காது பரிசோதனை. குழந்தைகளின் வளர்ச்சித் தாமதத்தைப் பார்க்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் அரசு மருத்துவமனைகளில் இருக்கின்றன, செலவில்லை. தமிழ்நாட்டில் 104க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்.

21 ஜூன், காலை 9.00

இதோடு தொடர்புடையது, சின்னதாக. 'அவள் பார்க்கவில்லை, சும்மா ஓடுகிறது' என்று மாலை 6 முதல் 10 வரை சீரியல் ஓடும் வீடுகளில் பெரியவர்கள் குழந்தையிடம் பேசும் சொற்கள் குறைந்துவிடும், குழந்தையின் விளையாட்டும் துண்டு துண்டாகும். பாட்டியின் சீரியலைப் பறிக்க வேண்டாம், அவருக்கும் அது ஒரு துணை. எந்த இரண்டு சீரியல் கட்டாயம் என்று கேளுங்கள், அந்த ஒரு மணி நேரம் குழந்தையை வேறு அறையில் அல்லது மாடியில் யாராவது பார்த்துக்கொள்ளுங்கள், மற்ற நேரம் டிவி அணைந்திருக்கட்டும்.

25 ஜூன், இரவு 9.20

வைஃபையையே நேரத்துக்கு அணைக்கலாமா? முடியும். ப்ரௌசரில் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தால் (முகவரி பெரும்பாலும் 192.168.1.1, ஜியோ ஃபைபரில் 192.168.29.1), குறிப்பிட்ட சாதனத்துக்கு நேரம் வைக்கும் வசதி பல மாடலில் உண்டு. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14இலிருந்து போன்கள் வைஃபைக்குப் போலி மேக் முகவரி (சாதனத்தின் அடையாள எண்) காட்டும், அதனால் வைத்த தடை வேலை செய்யாமல் போகலாம். பிள்ளையின் போனில் வீட்டு வைஃபைக்கு மட்டும் 'சாதனத்தின் மேக்' என்று மாற்றுங்கள். ரவுட்டரின் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைத் தேடித் தரும் சேவை) இடத்தில் 1.1.1.3, 1.0.0.3 இரண்டையும் போட்டால் ஆபாசத் தளங்கள் வீடு முழுக்கத் தடுக்கப்படும். சிம் போட்ட போனில் மொபைல் டேட்டா ஓடினால் இந்த இரண்டும் செல்லாது. ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றவும் மறக்காதீர்கள், வந்தபடியே இருந்தால் அது பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும்.

2 ஜூலை, இரவு 10.05

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: 'சின்னவள் முன்னைவிட அதிகமாக அழுகிறாள், இது வேலை செய்யவில்லை போல.' வேலை செய்யத் தொடங்கியதன் அடையாளம் அது. இதுவரை 10 நிமிடம் அழுதால் கிடைத்தது. கிடைக்காததால் 40 நிமிடம் அழுது பார்க்கிறாள். 40ஆவது நிமிடத்தில் கொடுத்தால், அடுத்த முறை 40 நிமிடம் அழ வேண்டும் என்று கற்றுக்கொள்வாள். அதனால் இரண்டு வாரம் உறுதியாக நிற்க முடியாத சமயத்தில், வீட்டில் விசேஷம், யாருக்காவது காய்ச்சல் என்றால் தொடங்கவே வேண்டாம், தள்ளிப்போடுங்கள். அழும்போது பக்கத்தில் உட்காருங்கள், தூக்கிக்கொள்ளுங்கள். போன் மட்டும்தான் இல்லை, மடி இருக்கிறது என்று அவளுக்குத் தெரியட்டும்.

பெரியவன் விஷயத்தில் பொருளை உடைப்பது, சாப்பாடு தூக்கம் விட்டு ஆடுவது, பள்ளிக்குப் போக மறுப்பது என்று போனால் வீட்டுச் சட்டம் போதாது. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416இல் தமிழில் பேசலாம். பெங்களூரு நிம்ஹான்ஸில் இதற்கென்றே 2014இலிருந்து தனி கிளினிக் நடக்கிறது.

24 செப்டம்பர், காலை 7.30

காலாண்டு லீவு வருகிறது, மறுபடி இந்தப் பக்கம் வந்திருக்கிறீர்கள். லீவில் சட்டத்தை எடுத்துவிடாமல் இன்னொரு நேரத்தைச் சேருங்கள்: காலை 11 முதல் 12. எழுந்ததும் முதல் வேலையாகத் திரை வேண்டாம், குளித்துச் சாப்பிட்டு வெளியே ஒரு சுற்று போய் வந்த பிறகு. மதியம் பாட்டி தூங்கும் 2 முதல் 4தான் கட்டுவிட்டுப் போகும் நேரம், அந்த நேரம் முழுக்கப் போன் பூட்டியே இருக்கட்டும். ஊருக்குப் போனால் அங்கே மாமா, சித்தி போன் எல்லாம் திறந்தே கிடக்கும். போகும்முன்பே அவர்களிடம் 'கேட்டாலும் கொடுக்காதீர்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், பிள்ளை எதிரில் சொல்ல வேண்டாம். ஃபேமிலி லிங்கில் லீவு நேரத்தைப் பள்ளி திறக்க இரண்டு நாள் முன்பே பழையபடி மாற்றிவிடுங்கள். படுக்கும் நேரத்தையும் அன்றைக்கே 9 மணிக்குக் கொண்டுவந்துவிடலாம்.